இருநூறு பக்க நோட்ஸும் முப்பத்தொரு மார்க்கும்

போன மாதம் தேரடி மெட்ரோ வாசலில் ஒரு தம்பி என்னைப் பிடித்துக்கொண்டான். "அண்ணா, நீங்க நெபோஷ் முடிச்சிட்டீங்களாமே, நோட்ஸ் இருந்தா குடுங்கண்ணா. மனப்பாடம் பண்ணிட்டுப் போய் எழுதிடறேன்." நெபோஷ் என்பது தொழிலிடப் பாதுகாப்புச் சான்றிதழுக்கான தேர்வு. நோட்ஸ் இல்லை என்றேன். அவன் நம்பவில்லை, கொடுக்க மனசில்லாத ஆள் என்று நினைத்திருப்பான். ரோட்டில் நின்றுகொண்டு சொல்லி முடிக்கிற கதை இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். 2023-ல் யாராவது எனக்கு இதைச் சொல்லியிருந்தால் முப்பதாயிரத்துக்கு மேல் மிச்சமாகியிருக்கும். ஒரு தோஹா வேலையும் கைவிட்டுப் போயிருக்காது.

எங்கள் பக்கம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை எந்த டீக்கடையில் நின்றாலும் சேஃப்டி படித்தவர், படிக்கிறவர், படிக்கப் போகிறவர் என்று ஒருவராவது இருப்பார். மணலி, அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி என்று சுற்றிலும் தொழிற்சாலையும் துறைமுகமும்தானே. ஷட்டவுன் வேலைக்கு, அதாவது ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கிற வேலைக்கு, ஃபிட்டராகவும் ஹெல்பராகவும் போகிறவர்களில் கொஞ்சம் படித்தவர்கள் சில வருடத்தில் சேஃப்டி பக்கம் நகர்வார்கள், அங்கிருந்து வளைகுடா. நல்ல கம்பெனியில் சேர நெபோஷின் ஐஜிசி என்கிற சர்வதேசப் பொதுச் சான்றிதழ் கேட்பார்கள். நெபோஷ் 1979-ல் பிரிட்டனில் தொடங்கிய தேர்வு வாரியம். ஐஜிசியில் இரண்டு பகுதி. ஐஜி 1 எழுத்துத் தேர்வு, ஐஜி 2 நாம் வேலை செய்கிற இடத்தையே சுற்றிப் பார்த்து எழுதும் ஆபத்து மதிப்பீடு. நான் மெக்கானிக்கல் டிப்ளமோ. மணலியில் ஒரு சப் கான்ட்ராக்டரிடம் சேஃப்டி சூப்பர்வைசர். 2023 மார்ச்சில் மனைவியின் சங்கிலியை அடகு வைத்து 45 ஆயிரம் வாங்கி, கையிலிருந்த மூவாயிரத்தையும் சேர்த்து ஒரு பயிற்சி மையத்தில் கட்டினேன். மையத்தின் பெயர் வேண்டாம். அங்கே சொன்னதைத்தான் பல இடங்களிலும் சொல்கிறார்கள்.

முதல் நாள் வகுப்பில் சார் ஒரு நோட்ஸ் கட்டைத் தூக்கி மேசையில் போட்டார். இருநூறு பக்கம் இருக்கும். "சினாரியோ எது வேணா வரட்டும். ஃபேக்டரி வரும், ஓட்டல் வரும், குடோன் வரும். பதில் மட்டும் இதுல இருக்கிற நாப்பது பதிலுக்குள்ளதான். இதை மண்டையில ஏத்திட்டா பாஸ்." கேட்டதும் எனக்கு நிம்மதி. அதுதான் எனக்குப் பழகிய வித்தை. நான் கார்ப்பரேஷன் பள்ளியில் தமிழ் மீடியம் படித்தவன். பிளஸ் டூவில் ஐந்து மார்க், பத்து மார்க் எல்லாமே கைடு பார்த்து உருப்போட்டதுதான். பாலிடெக்னிக்கில் இங்கிலீஷில் எழுத வேண்டி வந்தபோது வரி வரியாக மனப்பாடம் செய்து வாந்தி எடுத்துத்தான் அரியர் இல்லாமல் வெளியே வந்தேன். சொந்தமாக நாலு வரி இங்கிலீஷ் எழுதச் சொன்னால் கை நடுங்கும். யாரோ ஒழுங்காக எழுதி வைத்ததைத் திருப்பிச் சொல்வது அந்தப் பயத்துக்கு ஒரு மறைவு. இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது.

மூன்று மாதம் வெறித்தனமாகப் படித்தேன். காலை நாலரைக்கு மொட்டை மாடி, ஏழு மணிக்கு கம்பெனி வேனில் ஒரு ரவுண்டு, ராத்திரி மனைவியிடம் நோட்ஸ் கட்டைக் கொடுத்து ஒப்பிப்பது. பாதுகாப்பு நிர்வாகத்துக்கு மூன்று காரணம், தார்மீகம், சட்டம், பணம். ஐஎல்ஓ என்கிற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 155-ஆம் உடன்படிக்கையில் முதலாளியின் கடமை பதினாறாவது பிரிவு, தொழிலாளி பக்கம் பத்தொன்பதாவது பிரிவு. மோசமான சேஃப்டி கல்ச்சருக்குப் பன்னிரண்டு அறிகுறி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை மாறாமல் சொல்வேன். பரீட்சைக்கு முன்னால் ஒன்பது நாள் சம்பளமில்லாத லீவு. நாளுக்குத் தொள்ளாயிரம் வீதம் 8,100 ரூபாய் போனது. கட்டை இரண்டு பிரதி எடுத்து ஸ்பைரல் போட்டதில் 1,400.

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். பணம் கட்டுவதற்கு முன்னால் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: பரீட்சை எப்படி நடக்கும்? ஐஜி 1 எழுத்துத் தேர்வு 2020 ஆகஸ்டிலிருந்து புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே எழுதுகிற தேர்வாக மாறியிருந்தது. ஒரு பணியிடத்தின் கதையைக் கொடுப்பார்கள், அதை வைத்துக் கேள்விகள். நான் எழுதியபோது 24 மணி நேரத்துக்குள் பதிலை அனுப்பிவிட வேண்டியிருந்தது. புத்தகத்தைத் திறக்கவே விடுகிறார்கள் என்றால், புத்தகத்தில் இருப்பதைத் திருப்பி எழுதினால் எதற்கு மார்க் போடப் போகிறார்கள்? இந்தச் சின்னக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை. இதெல்லாம் முன்னமே வகுப்பில் சொன்னதுதான், ஆனால் "திறந்த புத்தகம்னா இன்னும் ஈஸிதானே" என்கிற மாதிரி சொன்னார்கள். நீங்கள் எந்தச் சான்றிதழ் தேர்வுக்குப் போனாலும் சரி, மையத்துக்காரர் சொல்வதோடு நிற்காமல் தேர்வு வாரியத்தின் இணையதளத்தைத் திறந்து பாருங்கள். நெபோஷ் தளத்தில் மாதிரி வினாத்தாளும் மாணவர்களுக்கான வழிகாட்டியும் இலவசமாகவே கிடக்கின்றன, அங்கீகாரம் பெற்ற மையங்களின் பட்டியலும் இருக்கிறது. தோற்றால் மறுபடி எழுத எவ்வளவு என்பதையும் முதல் நாளே எழுத்தில் வாங்குங்கள். நான் கேட்டபோது "அதெல்லாம் எதுக்கு சார், பாஸ் ஆயிடுவீங்க" என்றார்கள். சந்தோஷப்பட்டுவிட்டேன்.

2023 ஜூலையில் பரீட்சை. ஒரு குடோனின் கதை வந்தது. விவரம் சொல்லக்கூடாது, அதனால் மேலோட்டமாகச் சொல்கிறேன். சரக்கு ஏற்றுகிற இடம், அவசரப்படுத்துகிற மேனேஜர், புதிதாகச் சேர்ந்த ஆள், ஒரு விபத்து. ஒரு தடவை வேகமாகப் படித்தேன். படிக்கும்போதே மண்டைக்குள் பொத்தான் அழுத்துகிற மாதிரி "இது பதினேழாவது பதில், இது இருபத்திரண்டாவது" என்று ஓடிக்கொண்டிருந்தது. கேள்வியைப் படித்து முடிக்கவே இல்லை என்று இப்போது தெரிகிறது. நடுராத்திரி கரண்ட் போனது. இவள் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, லேப்டாப்பில் மீதமிருந்த சார்ஜில் தட்டிக்கொண்டே இருந்தேன். இதில் பெரிய கூத்து என்னவென்றால், நோட்ஸ் கட்டு பக்கத்திலேயே கிடந்தது. திறந்து பார்த்து எழுதலாம். பார்க்காமல் எழுதுகிறேன் என்ற கர்வத்தில் மூடி வைத்துவிட்டு எழுதினேன். விடிகாலை நாலு மணிக்கு முடித்து, படித்துப் பார்க்காமல் அனுப்பிவிட்டுப் படுத்தேன். இன்னும் பன்னிரண்டு மணி நேரம் பாக்கி இருந்தது.

இரண்டு வாரம் கழித்து வீடியோ காலில் நேர்முகம். இதற்கு மார்க் கிடையாது. எழுதியது நீங்கள்தானா என்று பார்ப்பதற்காக, அடையாள அட்டையைக் காட்டச் சொல்லி, நம் பதிலிலிருந்தே கேட்பார்கள். "இந்த மேனேஜரிடம் தலைமைப் பண்பு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், ஏன் அப்படி முடிவு செய்தீர்கள்?" என்று அந்த அம்மா நிதானமாகத்தான் கேட்டார். நான் தலைமைப் பண்பின் ஆறு அடையாளங்களை ஒப்பிக்க ஆரம்பித்தேன். அவர் குறுக்கே வந்து, "அது சரி, இந்தக் கதையில்?" என்றார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. அந்த மேனேஜர் கதையில் என்ன செய்தார் என்பதே ஞாபகமில்லை. எப்படியோ சமாளித்தேன். எங்கள் பேட்சில் இருவருக்கு அதைவிட மோசம். அதே நோட்ஸை வரி மாறாமல் எழுதியதால் இரண்டு பேர் தாளும் ஒன்றுபோல இருக்கிறது என்று விசாரணை மெயில் வந்தது. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து எழுதவில்லை. ஆனால் அதை எப்படி நிரூபிப்பது? பயிற்சி மையத்தில் கொடுத்த கட்டு என்று சொன்னாலும் அதுவே தப்புதான். இரண்டு பேருக்கும் தேர்வு செல்லாமல் போனது. அந்த மெயில் எனக்கும் வந்திருக்கலாம். ஆங்காங்கே வார்த்தை மறந்து சொந்தமாக ஒட்டுப்போட்டதால் தப்பித்தேன் என்று நினைக்கிறேன்.

செப்டம்பரில் ரிசல்ட். பாஸுக்கு 45 வேண்டும், எனக்கு 31. ஃபெயில் என்ற வார்த்தை வராது, "ரெஃபர்" என்று வரும். மரியாதையாகத்தான் சொல்கிறார்கள். அன்றைக்கு சைட்டில் யாரிடமும் பேசவில்லை. வேனில் வரும்போது எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கண்டெய்னர் லாரி வரிசை, ஒன்றரை மணி நேரம் நகரவில்லை. நல்லதாகப் போச்சு, வீட்டுக்கு எப்படிப் போவது என்று யோசிக்க நேரம் கிடைத்தது. இவள் ஒன்றும் கேட்கவில்லை. வெறும் கழுத்தோடு தோசை வார்த்துக்கொண்டிருந்தாள், அதைப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது. தோஹாவில் இருக்கும் மச்சான் அக்டோபரில் ஒரு இடம் பேசி வைத்திருந்தான், சான்றிதழ் இல்லாததால் அது வேறு ஆளுக்குப் போனது. மறு தேர்வுக்கு 15,500 கேட்டார்கள். வட்டி மாதம் 900. மறு தேர்வின் முடிவு வரும் வரை கூடுதலாக எட்டு மாத வட்டி 7,200. லீவும் பிரிண்டும் சேர்த்தால் மொத்தம் 32,200. இந்தக் கணக்கை, சைட்டில் வாயு அளவு பார்த்துக் குறிக்கிற கேஸ் டெஸ்ட் ரிஜிஸ்டரின் பின்னட்டையில் எழுதிப் பார்த்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

கண்ணைத் திறந்துவிட்டது என்னைவிட எட்டு வயது சின்னப் பெண். நவம்பரில் எங்கள் சைட்டுக்குப் புதிதாக வந்தாள், தண்டையார்பேட்டைக்காரி, முதல் தடவையே 70-க்கு மேல் வாங்கி முடித்தவள். கேன்டீனில் வெட்கத்தை விட்டு என் பதிலைக் காட்டினேன். சேஃப்டி கல்ச்சர் பற்றிய கேள்விக்கு ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். அவள் அதை விரலால் தடவிக்கொண்டே வந்து, "அண்ணா, கதையில வர்ற ஆளு ஒருத்தராச்சும் இதுல இருக்காங்களா?" என்றாள். இல்லை. ஒன்றரைப் பக்கத்தில் குடோன் என்ற சொல்கூட இல்லை. "நீங்க எழுதினது எந்தக் கம்பெனிக்கும் பொருந்தும்ணா. அவங்க இந்தக் கம்பெனியைப் பத்திதானே கேக்கறாங்க." பிறகு என் பேனாவை வாங்கி அந்தப் பக்கத்தின் ஓரத்திலேயே எழுதிக் காட்டினாள். "தொழிலாளர் கருத்தை நிர்வாகம் கேட்பதில்லை" என்று நான் எழுதியிருந்த இடத்தில், வண்டியின் பிரேக் சரியில்லை என்று டிரைவர் இரண்டு தடவை சொன்னார், மேனேஜர் அப்புறம் பார்க்கலாம் என்றார், ஆகவே புகார் சொல்லிப் பயனில்லை என்று மற்றவர்களும் நினைத்திருப்பார்கள் என்று மூன்று வரி. என் வரிக்கு மார்க் இல்லை, அவள் வரிக்கு உண்டு. கருத்து என்னவோ ஒன்றுதான். அன்றைக்குத்தான் எனக்குக் கோபமே வந்தது. மையத்தின் மேல் இல்லை. பிரேக் சரியில்லை என்று சொல்கிற டிரைவரை நான் தினமும் பார்க்கிறேன். அவரைப் பற்றி எழுத எனக்கு எந்த நோட்ஸும் தேவையே இல்லையே.

அடுத்த மாதம் எங்கள் ஏரியாவுக்கு வந்த சோதனை எல்லோருக்கும் தெரியும். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து எர்ணாவூரில் வீடுகளுக்குள் வந்தது. கட்டிலுக்கடியில் வைத்திருந்த நோட்ஸ் கட்டு ஊறிப் போயிற்று. மாடியில் காயவைத்துப் பார்த்தேன், பக்கங்கள் ஒட்டிக்கொண்டு ஒரே எண்ணெய் வாடை, அம்மா தூக்கிப் போடச் சொன்னாள். அதைவிடப் பெரிது டிசம்பர் 26 ராத்திரி. பெரியகுப்பம் பக்கம் ஓர் உரத் தொழிற்சாலைக்குப் போகிற கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தது. எங்கள் சித்தி வீடு சின்னக்குப்பத்தில். நடுராத்திரி போன். "கண்ணு எரியுதுடா, மூச்சு அடைக்குது, தெருவே ஓடுது, எங்கடா போறது?" அவசரகால ஏற்பாடுகள் என்று நான் மனப்பாடம் செய்த பதினோரு பாயின்ட் இருக்கிறது. அலாரம், அசெம்பிளி பாயின்ட், பொறுப்பாளர் நியமனம் என்று போகும். அதில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. வந்தது ஒன்றுதான், "சித்தி, கொடியில துணி இருக்கா? எந்தப் பக்கம் பறக்குது?" காற்று அடிக்கிற திசையோடு ஓடினால் வாயுவும் கூடவே வரும், அதனால் குறுக்கே போ, துண்டை நனைத்து மூக்கில் கட்டு என்றேன். அம்மோனியா தண்ணீரில் சட்டென்று கரையும், ஈரத்துணி கொஞ்சமாவது தாங்கும். பைக்கை எடுத்துக்கொண்டு போனால் எதிரே ஆட்டோவிலும் வண்டியிலும் நடந்தும் ஜனம். சித்தி ஈரத் துண்டோடு ரோட்டோரம் உட்கார்ந்திருந்தாள். பலரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், சித்திக்கு இரண்டு நாள் இருமலோடு போனது. அந்தத் துணிக்கொடி எந்தப் பக்கத்து நோட்ஸிலும் இல்லை, கேட்க வேண்டும் என்று எனக்கு எப்படித் தோன்றியது என்றும் சொல்லத் தெரியவில்லை. மணலியில் காற்றின் திசை காட்டுகிற துணிக்குழாயை, விண்ட்சாக்கை, தினமும் பார்த்துப் பார்த்து வந்ததாக இருக்கும்.

மறு தேர்வு 2024 மார்ச்சில். இந்தத் தடவை மனப்பாடமே செய்யவில்லை என்று சொன்னால் பொய். ஒரே ஒரு தாள் வைத்திருந்தேன், அதில் முழு வாக்கியம் கிடையாது, தலைப்புச் சொற்கள் மட்டும். பிரச்சினைக்கு எங்கெல்லாம் தேடலாம் என்பதற்கு நிறுவனம், வேலை, ஆள் என்று மூன்று சொல். கட்டுப்பாடு என்றால் முதலில் ஆபத்தையே நீக்கு, மாற்று, தடுப்பு வை, நடைமுறை போடு, ஹெல்மெட்டும் ஹார்னஸும் கடைசி. இப்படி எதையும் மறக்காமல் தேடுவதற்கு மட்டும்தான் அந்தத் தாள், பதிலை எடுப்பது கதையிலிருந்து. மனப்பாடம் செய்ய வேண்டியது என்றால் என் கணக்கில் அவ்வளவுதான். ஐஎல்ஓ பிரிவு எண்களைத் திறந்து பார்த்துக்கொள்ளலாமே. பயிற்சிக்கு என்ன செய்தேன் என்றால், சைட்டில் அன்றன்று நடந்ததை ராத்திரி பத்து வரி கதையாக எழுதி, அதற்கு நானே ஒரு கேள்வி போட்டுப் பதில் எழுதுவேன். இங்கிலீஷ் தப்புத் தப்பாகத்தான் இருக்கும். அந்தத் தங்கச்சி பார்த்துவிட்டு, "இலக்கணத்துக்கு மார்க் இல்லண்ணா, புரிஞ்சா போதும்" என்றாள். முப்பது நாளில் கை நடுக்கம் பாதி குறைந்தது. இதில் ஒரு வேடிக்கை, ஐஜி 2-வை நான் 2023-லேயே முதல் முயற்சியில் தேறியிருந்தேன். அதற்கும் மையத்தில் ரெடிமேட் மாதிரி கொடுத்தார்கள், அது ஓட்டல் சமையலறை பற்றியது, என் சைட்டுக்கு ஒட்டவே ஒட்டாது. வேறு வழியில்லாமல் நானே நடந்து பார்த்து பத்து ஆபத்துகளை எழுதினேன். அப்போதே புரிந்துகொண்டிருக்கலாம்.

பரீட்சை அன்று கதையை மூன்று முறை படித்தேன், கீபோர்டைத் தொடாமல். பிரிண்ட் எடுத்து, நல்லது நடக்கிற இடத்தில் பச்சை, தப்பு நடக்கிற இடத்தில் சிவப்பு. கேள்வியில் "கதையை மட்டும் வைத்து" என்று வந்தால் வெளியிலிருந்து ஒரு வரி எழுதினாலும் வீண். ஒவ்வொரு பாயின்ட் எழுதியதும் "இது கதையில் எங்கே?" என்று கேட்டுக்கொள்வேன், இடம் காட்ட முடியாவிட்டால் அடித்துவிடுவேன். இருபத்துநாலு மணி நேரம் கொடுத்திருக்கிறார்களே என்று முழுக்க உட்கார வேண்டியதில்லை, வேலை என்னவோ நாலைந்து மணி நேரத்துக்குத்தான். பத்து மணிக்கு நிறுத்திவிட்டுத் தூங்கினேன். காலையில் எழுந்து படித்தபோது ஒரு கேள்விக்குப் பாதிதான் பதில் எழுதியிருந்தது கண்ணில் பட்டது. நம் ஏரியாவில் கரண்டை நம்ப முடியாது, அதனால் பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரில் ஒரு இழுப்பு, இரண்டு போனில் வேறு வேறு சிம்மில் ஹாட்ஸ்பாட். மணிக்கு ஒரு தடவை கோப்பை பென் டிரைவிலும் போட்டு வைத்தேன். கடைசி நிமிடம் வரை வைத்திருக்காமல் மூன்று மணி நேரம் முன்னாலேயே அனுப்பிவிட்டேன்.

நேர்முகத்தில் இந்தத் தடவை வேறு ஒருவர். ஏன் இதை முதல் நடவடிக்கையாகச் சொன்னீர்கள் என்று கேட்டார். என் உடைந்த இங்கிலீஷில், கதையில் வருகிற ஏணிக்குக் கீழே தினமும் நாற்பது பேர் நடக்கிறார்கள், பயிற்சி கொடுக்க ஒரு வாரம் ஆகும், கயிறு கட்டி வழியை மூட பத்து நிமிடம் போதும் என்றேன். நடுவில் கரண்ட் போய் என் முகம் இருட்டாகிவிட்டது, நிறுத்தாமல் சொல்லி முடித்தேன். அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

மே மாதம் ஒரு டேங்க் வேலை. ஆள் உள்ளே இறங்குவதற்கு முன்னால் கேஸ் டெஸ்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் கேட் லாக்கரில். ஆக்சிஜன் 20.9, மற்றதெல்லாம் சுழி. பெர்மிட்டில் கையெழுத்துப் போட்டு, வெளியே நின்று உள்ளே இறங்கியவர்களைக் கவனிக்கிற ஹோல் வாட்ச் ஆளை நிறுத்திவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்துதான் மெயிலைப் பார்த்தேன். 61. ஜூனில் சங்கிலியை மீட்டோம்.